309 போட்டா போதுமா?

போன வாரம் மூணாம் வருஷ ஜூனியர் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். எஸ்.எஸ். தகட்டில் உருட்டின ஒரு டிரம், பக்கத்தில் துரு பிடிச்ச ஒரு ஷாஃப்ட். கீழே ஒரே வரி: "அண்ணா, இதுக்கு 309 ராடு தானே?"

"ஆமா"ன்னு போட்டு முடிச்சிருக்கலாம். நம்ம டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. நான் திருப்பி மூணு கேள்வி கேட்டேன். ஷாஃப்ட் என்ன ஸ்டீல்? எவ்வளவு கனம்? மெஷின் சூட்டில் ஓடுமா, சாதாரண வெப்பத்திலா? கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்தது: "ஷாஃப்ட் பழைய இரும்புக் கடையில எடுத்ததுண்ணா. என்ன ஸ்டீல்னு தெரியாது. ராடு மட்டும் சொல்லுங்க, கடைக்காரர் மூடப்போறாரு."

அவனுக்கு அன்னைக்கு அவசரமா ஒரு பதில் சொன்னேன். அது என்னன்னு கடைசியில் சொல்றேன். ஆனா அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகல. ஏன்னா ஒரு வருஷம் முன்னாடி அதே அவசரத்தில் அதே கடை வாசலில் நின்னவன் நான். அவனாவது 309-ன்னு ஒரு எண்ணோடு வந்தான். எனக்கு அதுவும் இல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன், பிடிக்காதவங்க இங்கேயே சண்டைக்கு வரலாம். ரெண்டு வேற வேற ஸ்டீலை ஸ்டிக் வெல்டிங்கில் ஒட்டும்போது "எந்த ராடு?" என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ராடும் இந்தப் பக்க ஸ்டீலும் அந்தப் பக்க ஸ்டீலும் உருகிக் கலந்தா நடுவில் என்ன உலோகம் உருவாகும் என்பது. இந்த முதல் கேள்விக்கு விடை சொல்லும் கருவி நம்ம சிலபஸ்லயே இருக்கு. நாம அதைப் பரீட்சைக்குப் படமா வரைஞ்சு மார்க் வாங்கறோம். பட்டறைக்குப் போனதும் மறந்துடறோம்.

என் கதைக்கு வர்றேன். போன வருஷம் எங்க டீம் செஞ்சது நிலக்கடலை உடைக்கிற மெஷின். சாப்பிடற பொருள் படற இடம் என்பதால் டிரம் 304. டிரம்மோட பக்கத் தட்டை ஒரு எம்.எஸ். ஹப்போடு ஒட்டணும். காலேஜுக்கு வெளியே இருக்கும் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்கே இருந்த வெல்டர் அண்ணன் கையில் எடுத்துக்கூடப் பார்க்கல. தூரத்தில் இருந்தே, "தம்பி, ஒரு பக்கம் எஸ்.எஸ்., ஒரு பக்கம் இரும்பு. இது 309 கேக்கும். வாங்கிட்டு வாங்க"ன்னார்.

309எல் ராடு சாதாரண 6013-ஐவிடப் பல மடங்கு விலை. அதிலும் முழுப் பாக்கெட்டா வாங்கணும்னு கடையில் சொன்னாங்க. எங்க பட்ஜெட் ஏற்கெனவே மோட்டாரில் போயிடுச்சு. "6013 தான் இருக்கேண்ணே, அதையே வைங்க. லோடு ஒண்ணும் பெருசில்ல"ன்னு சொன்னது நான்தான். இஞ்சினியரிங் படிக்கிறவன் சொல்றான்னு அவர் அதுக்கு மேல வாதாடல. "வெச்சுத் தர்றேன். ஆனா நிக்காது"ன்னு மட்டும் சொன்னார்.

வெல்டு அழகா வந்தது. ஸ்லாக்கைத் தட்டினதும் மீன் செதில் மாதிரி வரிவரியா பீடு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வெச்சோம். மூணாம் நாள் டிரையல். மோட்டார் ஓடி ஒரு நிமிஷம் ஆகல, டிரம் ஹப்பை விட்டுக் கழன்று காப்புத் தகட்டைத் தள்ளிக்கிட்டு வெளியே விழுந்தது. பக்கத்தில் நின்ன நண்பனோட காலுக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒரு அடிதான் இடைவெளி.

உடைஞ்ச முகத்தைப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சது. பாதி தூரம் மங்கலா, லேசா துரு படிஞ்சு இருந்தது. மீதிப் பாதி மட்டும் புதுசா மின்னுச்சு. அதாவது மோட்டார் போடறதுக்கு முன்னாடியே, யாரும் தொடாமலே, உள்ளே விரிசல் ஓடியிருக்கு. ஹப்பை அரத்தால் தேய்ச்சா சுலபமா சீவுச்சு. பீடில் அதே அரம் தயங்கித் தயங்கித்தான் கடிச்சது. 6013 சாதாரண மென்மையான ராடு ஆச்சே, பீடு எப்படி இவ்வளவு கடினமாச்சு?

இங்கேதான் கணக்கு வருது. பயப்படாதீங்க, பெருக்கல் தெரிஞ்சா போதும்.

ஸ்டிக் வெல்டிங்கில் பீடு முழுக்க ராடில் இருந்து வந்த உலோகம் இல்ல. ஆர்க் அடிமெட்டலையும் உருக்கி உள்ளே இழுக்கும். இந்தக் கலப்புக்குத்தான் டைல்யூஷன்னு பேர். சாதாரணமா 20 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். நடுவில் 30 என்று வைப்போம். ரெண்டு பக்கமும் சமமா உருகினா எம்.எஸ். 15, 304 15, ராடு 70.

304-ல் சுமாரா 18.5 சதவீதம் குரோமியம், 8.5 சதவீதம் நிக்கல். அதில் 15 சதவீதம் பீடுக்குள் வந்தா, எங்க 6013 பீடில் கிட்டத்தட்ட 2.8 சதவீதம் குரோமியமும் 1.3 சதவீதம் நிக்கலும் சேர்ந்திருக்கும். இப்போ அது எம்.எஸ். வெல்டும் இல்ல, எஸ்.எஸ். வெல்டும் இல்ல. காத்தில் ஆறினாலே இறுகிப்போகும் ஒரு அலாய் ஸ்டீல். சூடேத்தாம, மெதுவா ஆறவிடாம, பச்சையா வெல்டு வெச்சா உள்ளே மார்ட்டன்சைட் உருவாகும்.

அது மட்டும் இருந்தா ஒருவேளை தப்பிச்சிருக்கும். 6013-ன் பூச்சு ரூட்டைல் வகை. அதில் ஈரப்பதம் உண்டு, அதில் இருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போகும். நல்லா காய வெச்ச 7018-ஐவிடப் பல மடங்கு போகும். மென்மையான எம்.எஸ்.ஸில் இது பெரிய பிரச்சினை ஆகறதில்ல. ஆனா 350 விக்கர்ஸுக்கு மேல் கடினமான உலோகம், உள்ளே ஹைட்ரஜன், ஆறும்போது ரெண்டு பக்கமும் இழுக்கும் இழுவிசை, இந்த மூணும் சேர்ந்தா விரிசல் வரும். அதுவும் உடனே வராது. சில மணி நேரம் கழிச்சு வரும், சில சமயம் ரெண்டு நாள் கழிச்சு வரும். நாங்க ஸ்டேட்டஸ் வெச்ச அந்த ரெண்டு நாள்தான் விரிசல் ஓடின நாள்.

இதை "வெல்டர் சரியா வைக்கல"ன்னு முடிச்சிருக்க ரொம்ப வாய்ப்பு இருந்தது. எங்க டீமில் ஒருத்தன் அப்படித்தான் ஆரம்பிச்சான். கை வேலையில் குறை இல்ல. சொன்னதைக் கேக்காத எங்க மேல்தான் குறை.

இப்போ அந்தப் படத்துக்கு வருவோம். ஷாஃப்லர் படம். கிடைமட்ட அச்சில் குரோமியம் ஈக்விவேலன்ட், செங்குத்து அச்சில் நிக்கல் ஈக்விவேலன்ட், நடுவில் ஆஸ்டெனைட், ஃபெர்ரைட், மார்ட்டன்சைட்னு பகுதி பகுதியா பிரிச்ச படம். "நீட்டாக வரைந்து விளக்குக." நாமும் நீட்டா வரைவோம். ஆனா ஆன்டன் ஷாஃப்லர் 1947-ல் வெல்டிங் ஜர்னலில் எழுதின கட்டுரையின் பொருளே, வேறுபட்ட உலோகங்களை ஒட்ட ஆஸ்டெனிட்டிக் எலக்ட்ரோடைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான். இன்னைக்கு நாம வரையற வடிவம் 1949-ல் வந்தது. அதாவது இந்தப் படம் பிறந்ததே "அண்ணா, இதுக்கு எந்த ராடு?" என்ற கேள்விக்காக. நாம அதில் இருந்து கேள்வியை எடுத்துட்டுப் படத்தை மட்டும் வெச்சுக்கிட்டோம்.

அதில் புள்ளி வைக்கிறது எவ்வளவு சுலபம்னு பாருங்க. குரோமியம் ஈக்விவேலன்ட்டுக்குக் குரோமியத்தோடு மாலிப்டினத்தையும், சிலிக்கனை ஒன்றரை மடங்காகவும், நியோபியத்தைப் பாதியாகவும் கூட்டணும். நிக்கல் பக்கம் நிக்கலோடு கார்பனை 30 மடங்காகவும் மாங்கனீஸைப் பாதியாகவும் கூட்டணும். சாதாரண எம்.எஸ்.ஸுக்குப் போட்டா குரோமியம் பக்கம் 0.3, நிக்கல் பக்கம் சுமார் 5.8. நிக்கலே இல்லாத இரும்புக்கு 5.8 எப்படின்னு கேட்டா, எல்லாம் கார்பன் செய்யற வேலை. 304-க்கு 19.3, 10.8. ரெண்டையும் ஒரு கோட்டால் இணைச்சு நடுப்புள்ளி எடுங்க. சமமா உருகினா அடிமெட்டல் கலவை அங்கேதான் இருக்கும். இனி ராடின் புள்ளியில் இருந்து இந்த நடுப்புள்ளிக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் ராடு பக்கத்தில் இருந்து 30 சதவீதம் நகர்ந்தா, அதுதான் உங்க பீடு.

304-க்கு 304 மாதிரியே இருக்கற ராடு 308எல். "அப்போ அதையே எம்.எஸ்.ஸோட ஒட்டவும் போடலாமே?"ன்னு தோணும். புள்ளி வெச்சுப் பாருங்க. பீடு 17.3, 10.5-ல் வந்து நிக்கும். அது மார்ட்டன்சைட் பகுதியின் எல்லைக்கோட்டிலேயே உக்காந்திருக்கு. ஆம்பியர் கொஞ்சம் ஏறி எம்.எஸ். கொஞ்சம் கூட உருகினா உள்ளே விழுந்துடும்.

309எல் அப்படி இல்ல. அதில் குரோமியம் 23-24, நிக்கல் 13 கிட்ட. எம்.எஸ். வந்து நீர்த்துப்போகச் செய்யும்னு தெரிஞ்சே கூடுதலா சேர்த்து வெச்ச ராடு. அதே 30 சதவீதக் கலப்பில் பீடு 20.2, 12.6-ல் நிக்கும். பெரும்பகுதி ஆஸ்டெனைட், கூடவே சில சதவீதம் ஃபெர்ரைட். அந்தக் கொஞ்சம் ஃபெர்ரைட் ரொம்ப முக்கியம். அது இல்லாத முழு ஆஸ்டெனைட் வெல்டு, உறையும்போதே சூட்டில் கிழியும். (309எல் வெல்டில் காந்தம் வெச்சா லேசா இழுக்கும். "டூப்ளிகேட் ராடு குடுத்துட்டான்"னு கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. அது இந்த ஃபெர்ரைட்தான்.)

வெல்டர் அண்ணன் இதை எல்லாம் வரைஞ்சு பார்த்துச் சொல்லல. இருபது வருஷம் எது நின்னது, எது உடைஞ்சதுன்னு பார்த்த கண்ணால் சொன்னார். அந்த அறிவை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். ஆனா அந்த அறிவுக்கு ஒரு எல்லை உண்டு. இதுவரை பார்க்காத ஜோடி வந்தா அனுபவம் மௌனமாயிடும், இல்லன்னா பழைய பதிலையே சொல்லும். அங்கேதான் நாம உதவணும். நாலு வருஷம் படிச்சுட்டு நாமும் "309 போடு"ன்னு மட்டும் சொன்னா, அவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு வெல்டு வைக்கவாவது தெரியும்.

"எப்படியோ 309 தானே விடை, அதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு மூணு இடத்தைக் காட்டறேன்.

முதல் இடம், அதே எம்.எஸ்.-304 ஜோடி. ராடும் 309எல் தான். ஆனா சீக்கிரம் முடிக்கணும்னு ஆம்பியரை ஏத்தி, ஆர்க்கை எம்.எஸ். பக்கமே காட்டிக்கிட்டு இருந்தா எம்.எஸ். 30 சதவீதம், 304 15 சதவீதம் உருகி உள்ளே வரலாம். புள்ளி வைங்க: 16.6, 11.3. திரும்பவும் மார்ட்டன்சைட் எல்லை. விலை கூடின 309 வாங்கி, 308 வாங்கினவன் நிக்கற இடத்திலேயே நிக்கறீங்க. ராடின் பேரில் பாதி விடைதான் இருக்கு. மீதிப் பாதி ஆம்பியரில், ராடின் தடிமனில், ஆர்க்கை எந்தப் பக்கம் காட்டறோம் என்பதில் இருக்கு. அதனால்தான் இந்த வேலைக்கு, பாக்கெட்டில் போட்டிருக்கும் ஆம்பியர் வரம்பின் கீழ்ப்பாதியில் வெச்சு, வீசாம நேர்க்கோடா, சின்னச் சின்ன பீடா வைக்கச் சொல்றாங்க.

ரெண்டாவது இடம், நம்ம ஜூனியரோட ஷாஃப்ட். பழைய இரும்புக் கடையில் கிடைக்கற ஷாஃப்ட் எம்.எஸ்.ஸா இருக்கும்னு நம்பாதீங்க. அது ஈ.என்.8 ஆகவோ ஈ.என்.24 ஆகவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஈ.என்.8-ல் கார்பன் சுமார் 0.4 சதவீதம். கார்பனுக்கு 30 மடங்கு என்பதை மறக்கலையே? அதோட நிக்கல் ஈக்விவேலன்ட் 12-க்கு மேல போயிடும். அது 15 சதவீதம் கலந்தாலே 309எல் பீடின் புள்ளி 20.2, 13.6-க்கு ஏறும். அந்தச் சில சதவீத ஃபெர்ரைட் கிட்டத்தட்ட காணாமப் போயிடும். மார்ட்டன்சைட்டுக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடினவன், சூட்டு விரிசலில் போய் முட்டிக்கிட்ட கதை.

இந்த இடத்துக்குத்தான் 312 ராடு. 29 குரோமியம், 9 நிக்கல். அதே கலப்பில் போட்டா புள்ளி 24, 12 பக்கம் விழும். ஃபெர்ரைட் தாராளமா இருக்கும். என்ன ஸ்டீல்னே தெரியாத பழைய பாகங்களை ஒட்ட மெயின்டெனன்ஸ்காரங்க கையில் எப்பவும் இந்த ராடு இருக்கறதுக்குக் காரணம் அதுதான். ஆனா பீடு நல்லா இருந்தா மட்டும் போதாது. பீடை ஒட்டி இருக்கும் ஈ.என்.8-ன் சூடு பட்ட பகுதி எந்த ராடு போட்டாலும் அதே ஈ.என்.8 தான். வேகமா ஆறினா இறுகும். அதனால் ஷாஃப்டை முன்கூட்டியே சூடேத்தணும், 150-200 டிகிரி. இல்லன்னா ஷாஃப்ட் மேல முதலில் ஒரு படலம் 312 வெச்சுட்டு, அப்புறம் அந்தப் படலத்தோடு டிரம்மை ஒட்டணும். பட்டரிங்னு சொல்றது இதைத்தான். நிஜமாவே ரொட்டியில் வெண்ணெய் தடவற வேலைதான்.

மூணாவது இடம் சூடு. இங்கே 309 நல்லா நின்னுட்டு, பல வருஷம் கழிச்சுக் கைவிடும். திருச்சிக்குப் பக்கத்தில் படிக்கிறவங்களுக்கு பாய்லர் தொழில் சொந்தக்காரங்க வீட்டு விஷயம் மாதிரி, அதனால் அங்கிருந்தே எடுக்கறேன். பெரிய பாய்லரின் சூப்பர்ஹீட்டரில் ஒரு இடம் வரைக்கும் 2.25 குரோம்-1 மாலி ஸ்டீல் குழாய். அதுக்கு மேல சூடு தாங்காதுன்னு ஆஸ்டெனிட்டிக் எஸ்.எஸ். குழாய். ரெண்டும் சேரும் இடத்தில் ஒரு காலத்தில் 309 வகை எஸ்.எஸ். வெல்டுதான் வெச்சாங்க. பல வருஷம் ஓடின பிறகு, வெல்டுக்கும் குரோம்-மாலி பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் எல்லையை ஒட்டியே வெட்டு விழ ஆரம்பிச்சது.

காரணம் ரெண்டு. சாதாரண ஸ்டீல் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 12 மைக்ரோமீட்டர் விரியும், எஸ்.எஸ். 17 மைக்ரோமீட்டர். ஒரு மீட்டர் நீளத்தை 500 டிகிரி சூடேத்தினா ஒண்ணு 6 மி.மீ. நீளும், இன்னொண்ணு 8.5 மி.மீ. பாய்லரை ஏத்தி இறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எல்லையில் ஒரு மல்லுக்கட்டு. ரெண்டாவது, சூட்டில் கார்பன் சும்மா இருக்காது. குரோமியம் அதிகம் இருக்கும் வெல்டுப் பக்கம் மெல்ல நகரும். குரோம்-மாலி பக்கம் எல்லையை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை கார்பனை இழந்து பலம் குறைஞ்சு போகும். இதுக்கு விடை நிக்கல் அடிப்படை வெல்டு. அதன் விரிவு 13-14 தான், குரோம்-மாலிக்குக் கிட்ட. நிக்கலுக்குள் கார்பன் நகர்வதும் குறைவு. ஸ்டிக் ராடில் சொன்னா ஈ.நி.கு.ஃபெ-3, பட்டறை மொழியில் இன்கோனல் 182. ஷாஃப்லர் படத்தை எவ்வளவு அழகா வரைஞ்சாலும் இந்த விடை அதில் கிடைக்காது. அந்தப் படம் வெல்டு வெச்ச அன்னைக்கு உள்ளே என்ன இருக்கும்னு மட்டும்தான் சொல்லும். பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு சொல்லாது.

"சரி, அப்போ 182 தான் ராஜா ராடு"ன்னு முடிவு கட்டிடாதீங்க. அமெரிக்காவில் தென் கரோலினாவில் வி.சி.சம்மர்னு ஒரு அணுமின் நிலையம். உலைக் கலனின் வாய்ப்பகுதி லோ அலாய் ஸ்டீல், அதில் சேரும் குழாய் எஸ்.எஸ்., நடுவில் 82/182 நிக்கல் வெல்டு. நாம மேலே பேசின அதே ஜோடிதான், அளவு மட்டும் பெருசு. 2000 அக்டோபரில், உலையை நிறுத்திச் சோதிக்கப் போனவங்க அந்தக் குழாயைச் சுத்தி வெள்ளையா போரிக் அமிலம் படிஞ்சிருக்கறதைப் பார்த்தாங்க. உலைத் தண்ணீரில் கலந்திருக்கும் போரிக் அமிலம் வெளியே வந்திருக்குன்னா, வெல்டில் முழுக் கனத்துக்கும் விரிசல் ஊடுருவி இருக்குன்னு அர்த்தம். சூடான உலைத் தண்ணீரும் இழுவிசையும் சேர்ந்தா 182 மெல்ல மெல்ல விரியும் என்பது ஊரறிய நிரூபணம் ஆச்சு. 182-ல் குரோமியம் 15 சதவீதம் கிட்ட. அதுக்குப் பிறகு இந்த இடங்களுக்கு குரோமியம் 30 சதவீதம் இருக்கும் 52/152 வந்தது. உலகத்திலேயே அதிகம் யோசிச்சு வெல்டு வைக்கிற தொழிலிலேயே, ராடு நல்ல ராடு, வேலை நல்ல வேலை. ஆனா அது எங்கே, எதில் நனைஞ்சு நிக்கப் போகுது என்ற கேள்வி முழுசா கேக்கப்படல.

எஸ்.எஸ். சேராத ஜோடிகளைப் பத்தியும் ஒரு வார்த்தை. எம்.எஸ். பிராக்கெட்டை 4130 குழாயில் ஒட்டணும்னா நம்ம பசங்க உடனே 4130-ன் பலத்துக்கு ஈடான ராடைத் தேடுவாங்க. எதுக்கு? இழுத்தா முதலில் விடப்போறது எம்.எஸ். தான். பலம் குறைஞ்ச பக்கத்துக்கு ஏத்த 7018 போதும். கடினம் குறைஞ்ச வெல்டு கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், அதுவும் நல்லதுதான். ஆனா முன்சூடும் காய வெச்ச ராடும் மட்டும், எளிதில் இறுகும் 4130 பக்கம் என்ன கேக்குதோ அதன்படி. ராடுக்கு எளிய பக்கத்தைப் பாருங்க, சூட்டுக்குக் கஷ்டமான பக்கத்தைப் பாருங்க. 7018-ஐ டப்பாவைத் திறந்து மாசக்கணக்கா அலமாரியில் போட்டு வெச்சுட்டு "லோ ஹைட்ரஜன்"னு சொல்லிக்கிட்டா அது லோ ஹைட்ரஜன் ஆயிடாது. கம்பெனி சொல்ற சூட்டில், பெரும்பாலும் 300 டிகிரிக்கு மேல, அவனில் காய வைக்கணும். நம்ம லேப் அவனில் நான் இதுவரை ராடைப் பார்த்ததில்ல. டீ டம்ளரைத்தான் பார்த்திருக்கேன்.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு, அது நம்ம பிராஜெக்ட் ரிப்போர்ட். எங்க மெஷினில் அப்புறம் காசு திரட்டி 309எல் வாங்கி, அதே அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டு வெச்சோம். நின்னது, இன்னைக்கும் நிக்குது. ஆனா ரிப்போர்ட்டில் நான் எழுதின வரி என்ன தெரியுமா? "தகுந்த எலக்ட்ரோட் பயன்படுத்தி இணைக்கப்பட்டது." முதல் டிரம் உடைஞ்சது அதில் இல்ல. 6013 இல்ல. 309எல்-ஏ இல்ல. அந்த மூணு வாரத்தில் நாலு வருஷப் படிப்பைவிட அதிகம் கத்துக்கிட்டோம், அதை ஒரே வரியில் மறைச்சுட்டோம், உடைஞ்சதைச் சொன்னா மார்க் போயிடும்னு. இப்போ அந்த ரிப்போர்ட்டை லைப்ரரியில் எடுத்துப் படிக்கிற ஜூனியருக்கு என்ன கிடைக்கும்? அதனால்தான் அவன் எனக்கு வாட்ஸ்அப் பண்ண வேண்டியிருக்கு.

ரிப்போர்ட்டில் ராடின் முழு எண், தடிமன், ஆம்பியர், முன்சூடு, ரெண்டு பக்க ஸ்டீலின் பேர், உடைஞ்சிருந்தா உடைஞ்ச போட்டோ, இதெல்லாம் கட்டாயம் இருக்கணும்னு நம்ம டிபார்ட்மென்ட்டில் கேக்கணும். ஒரு பக்கம்கூட ஆகாது. அப்புறம் லேபில் ஒரே ஒரு மதியம். 6 மி.மீ. எம்.எஸ். துண்டு, 6 மி.மீ. 304 துண்டு, மூணு ஜோடி. ஒண்ணுக்கு 6013, ஒண்ணுக்கு 308எல், ஒண்ணுக்கு 309எல். ஒரே கை வைக்கட்டும். ரெண்டு நாள் விட்டுட்டு வைஸில் பிடிச்சு சுத்தியலால் வளைக்கட்டும். அடிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் ஷாஃப்லர் படத்தில் மூணு புள்ளி வெச்சு, எது எங்கே உடையும்னு எழுதிக் கொடுக்கட்டும். கணிப்பு தப்பினவங்களுக்குத்தான் அன்னைக்கு அதிகம் புரியும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது மட்டும் செய்யுங்க. எஸ்.எஸ். ராடு புகையில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் இருக்கும், புற்றுநோய் வரவழைக்கும் சமாச்சாரம். நம்ம வொர்க்ஷாப் ஃபேன் ஓடறதில்ல என்பது தனிக் கட்டுரை.

ஜூனியருக்கு அன்னைக்கு என்ன சொன்னேன்? "ராடே வாங்காத"ன்னு சொன்னேன். ஷாஃப்ட் என்ன ஸ்டீல்னு தெரியாதப்போ, அதுவும் சுத்துற இடத்தில், வெல்டு வைக்கறதைவிட வைக்காம இருக்கறது நல்லது. எம்.எஸ்.ஸில் ஒரு ஹப் கடைஞ்சு, சாவி வெட்டி, கிரப் ஸ்க்ரூ போட்டு ஷாஃப்டில் மாட்டு. அந்த ஹப்பை மட்டும் டிரம்மோட 309எல்-ல் ஒட்டு, 3.15 ராடு, கீழ் ஆம்பியர், சின்ன பீடு. "அப்போ 309 தானேண்ணா, நான் முதல்லயே அதைத்தானே சொன்னேன்"னு கேட்டான்.

எங்க பாக்கெட்டில் மீதி பதினோரு ராடு இருக்கு. வொர்க்ஷாப் பீரோவில் மேல்தட்டில், மஞ்சள் கவரில். டீ டம்ளரை எடுத்துட்டு, காய வெச்சு எடுத்துக்கச் சொல்லியிருக்கேன்.